குறி தவறிய பின்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் இறப்பர்த் தோட்டங்களில் விடியற்காலையிலேயே பால்வெட்டுத் தொடங்கிவிடுகிறது. கத்தி மேலோடினால் பால் சுரப்பதில்லை. சற்று ஆழ்ந்தாலோ மரம் காயமுற்று, அவ்விடத்துப் பட்டை முடிச்சிட்டுப் பின்னர் வெட்டுக்கு உதவாது போகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நுண்ணிய எல்லையை நாள்தோறும் தவறாது காக்கும் திறனைக் கைப்பதம் என்கிறோம். உலக அரங்கில் கைத்துப்பாக்கி வீரர்கள் போற்றப்பெறுவதும் இக்கைப்பதத்துக்காகவே.

நெடும்போரைக் கண்ட இத்தீவில் துப்பாக்கி என்ற சொல்லே அச்சம் தருவது. ஆயினும் விளையாட்டுக் களத்தில் அது நாடுவது ஓர் உயிரையன்று. ஒரு சிறு வட்டத்தையே. 10 மீற்றர் காற்றழுத்தக் கைத்துப்பாக்கிப் போட்டியில் முழுப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர். தகுதிச் சுற்றில், எவ்விதத் தாங்கலுமின்றி ஒரு கையை நீட்டி, 75 நிமிடங்களுக்குள் 60 முறை சுடவேண்டும். இங்கே எதிரி எவருமில்லை. அடங்காத மனமே எதிரி.

இத்துறையில் மனு பாக்கர் என்னும் இந்திய நங்கையின் வரலாறு சிந்திக்கத்தக்கது. ஹரியானா மாநிலத்தவரான அவர், 2018இல், தமது பதினாறாம் வயதில், பொதுநலவாய விளையாட்டு விழாவில் தங்கம் வென்றார். நாடே அவரிடம் ஒலிம்பிக் பதக்கத்தை எதிர்பார்த்தது. 2021இல் டோக்கியோவில், தகுதிச் சுற்றின் நடுவே அவரது துப்பாக்கி பழுதுற்றது. பல நிமிடங்கள் வீணாயின. 575 புள்ளிகளுடன் நின்ற அவருக்கு, இறுதிச் சுற்று இரண்டே புள்ளிகளால் கைநழுவியது. பங்குகொண்ட ஏனைய போட்டிகளிலும் பதக்கம் கிட்டவில்லை. அத்தோடு அவர் கதை முடிந்ததென்று கருதியோரும் உளர். ஆனால் 2024இல் பாரிஸ் நகரில் தனியாகவும், சரப்ஜோத் சிங்குடன் இணைந்தும் இரு வெண்கலப் பதக்கங்களை அவர் வென்றார். சுதந்திர இந்தியாவில் ஒரே ஒலிம்பிக்கில் இரு பதக்கங்களைப் பெற்ற முதல் வீரர் அவரே.

இதனினும் பழைய சான்றொன்று உண்டு. ஹங்கேரி நாட்டுப் படைவீரர் கரோய் தகாச் 1938இல் கைக்குண்டு வெடித்து வலக்கை சிதையப்பெற்றார். அவர் மனம் தளராது இடக்கையைப் பழக்கி, 1948இல் லண்டனிலும் 1952இல் ஹெல்சிங்கியிலும் கைத்துப்பாக்கிப் போட்டியில் தங்கம் பெற்றார்.

இவ்வரலாறுகளை நாம் இங்கு எடுத்துரைப்பது நமது தோட்டப் பாடசாலைகளை எண்ணியே. சாதாரண தரப் பரீட்சையில் ஒருமுறை தவறிய பிள்ளையைக் கொழும்புக் கடைக்கோ, பிறர் வீட்டு வேலைக்கோ அனுப்பிவிடும் வழக்கம் நம்மிடை இன்னும் மறையவில்லை. பெறுபேறு வெளியாகும் நாளில் சித்தியெய்தியோரைப் பாராட்டுகிறோம், அது முறையே. தவறியவனின் பெயரை அன்று யார் நினைக்கிறார்கள்?

மனு பாக்கருக்குப் பயிற்றுநர் இருந்தார், நாட்டின் ஆதரவும் இருந்தது. லயத்துப் பிள்ளைக்கு யார் இருக்கிறார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடையாக வேண்டியவர்கள் ஆசிரியர்களும் படித்த இளைஞர்களுமாகிய நாமே. மீண்டும் பரீட்சைக்குத் தோற்றுவோருக்கெனத் தோட்டந்தோறும் ஒரு மாலை வகுப்பு வேண்டும். பெறுபேறு வந்த வாரத்திலேயே ஆசிரியர் ஒருவர் லயத்துக்குச் சென்று பெற்றோருடன் பேசவேண்டும். இதற்குப் பெருநிதி தேவையில்லை. உறுதியான உள்ளமே தேவை.

தந்தையின் கைப்பதம் மரத்தை வாழவைக்கிறது. அதே நிதானம் மகனிடமும் மகளிடமும் இருத்தல் கூடும். முதற்குறி தவறியதற்காக அவர்களைக் களத்தைவிட்டே அனுப்பிவிடுவது நமது தவறாகுமேயன்றி அவர்களுடையதாகாது.