பேணியில் வரும் சாப்பாடு: எடை குறைக்கும் ஷேக் மா எங்களுக்கு எவ்வளவு பொருந்தும்?

லண்டனில் இருக்கும் தம்பிக்குச் சலரோகம் மாறிவிட்டதாம். மூன்று மாதமாகச் சோறுமில்லை, பாணுமில்லை. ஏதோ ஒரு மாவைக் கரைத்து நாலு நேரமும் குடித்தாராம். இப்போது குளிசையே போடுவதில்லையாம். வடக்கு கிழக்கில் இப்படியொரு கதையைக் கேட்காத வீடுகள் குறைந்துவருகின்றன. கதைக்குப் பின்னால், அடுத்த பொதியில், பேணியும் வந்து சேர்கிறது. அதன் லேபிள் ஜெர்மன் மொழியிலோ பிரெஞ்சிலோ இருக்கும். வெளிநாட்டில் உறவு இல்லாதவர்களுக்கு முகநூலும் வட்ஸ்அப் குழுக்களும் இருக்கின்றன. 'லோ காப் ஷேக்', அதாவது மாப்பொருள் குறைந்த, ஒருநேரச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கும் மா, உள்ளூரிலேயே ஆள் வைத்து விற்கப்படுகிறது.

தம்பியின் கதை பொய்யல்ல. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மைக் லீனும் நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ரோய் டெயிலரும் நடத்திய 'டிரெக்ட்' ஆய்வின் முதல் முடிவுகள் 2017 டிசம்பரில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாகின. வகை 2 நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டு 6 வருடங்களுக்கு உட்பட்ட, உடல் எடை கூடியவர்களே அதில் சேர்க்கப்பட்டார்கள். மூன்று முதல் ஐந்து மாதங்களுக்கு வழமையான உணவை முற்றாக நிறுத்தி, நாளொன்றுக்கு 825 முதல் 853 கிலோகலோரி மட்டும் தரும் ஷேக்கும் சூப்பும் கொடுத்தார்கள். ஒரு வருடத்தின் பின் அவர்களில் 46 சதவீதமானோரின் சீனி அளவு, மருந்து இல்லாமலே நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்திருந்தது. வழமையான சிகிச்சை பெற்றவர்களில் அது 4 சதவீதம் மட்டும். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களை மட்டும் எடுத்தால் 86 சதவீதம். இதை வைத்துத்தான் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை ஒரு திட்டத்தைத் தொடங்கி, 2024 இல் இங்கிலாந்து முழுவதற்கும் விரிவாக்கியது. ஆசியர்களுக்கு உடல் நிறைச் சுட்டி 25 ஐத் தொட்டாலே அதில் சேரலாம். வெள்ளையர்களுக்கு 27. எங்கள் உடம்பு குறைந்த எடையிலேயே சலரோகத்துக்கு இடம் கொடுத்துவிடுகிறது என்பதை அவர்கள் கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

ஆனால் கதை கடல் தாண்டி வரும்போது பாதி அங்கேயே நின்றுவிடுகிறது. வந்து சேர்வது மா மட்டும்தான்.

முதலில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். அந்த ஆய்வில் கொடுத்த மா 'லோ காப்' அல்ல. அதன் சக்தியில் 59 சதவீதம் மாப்பொருளில் இருந்தே வந்தது. பாடசாலையில் காபோவைதரேற்று என்று படித்தோமே, அதே பொருள்தான். புரதம் 26 சதவீதம், கொழுப்பு 13 சதவீதம். மொத்தச் சக்தியே மிகக் குறைவு என்பதால் ஒரு நாளுக்கான மாப்பொருள் ஏறக்குறைய 120 கிராமில் நின்றது. எங்கள் அளவில் சொன்னால், சமைத்த சோற்றில் 100 கிராமுக்கு சுமார் 28 கிராம் மாப்பொருள் உண்டு. மத்தியானம் ஒரு கோப்பை நிறைய, 350 கிராம் சோறு சாப்பிடுபவருக்கு ஒரே நேரத்தில் 100 கிராம் உள்ளே போகிறது. காலைப் புட்டும் இரவு இடியப்பமும் தனிக்கணக்கு. ஆகவே அங்கே வேலை செய்தது மொத்தச் சாப்பாட்டின் குறைவும் அதனால் வந்த எடை இழப்பும். பேணியில் 'லோ காப்' என்று அடித்திருக்கும் இரண்டு சொற்களுக்கும் அந்த வெற்றிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

மாப்பொருளைக் குறைப்பது வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. குறைத்துச் சாப்பிடுபவர்களின் சீனி முதல் ஆறு மாதங்களில் மற்றவர்களை விட நன்றாக இறங்குவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு வருடமாகும்போது அந்த வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. விளம்பரங்களில் வரும் 'ஏழு நாளில் மூன்று கிலோ'வுக்கும் விளக்கம் இருக்கிறது. ஈரலும் தசையும் சேமித்து வைத்திருக்கும் மாப்பொருள் தன்னைப் போல மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது நீரும் போய்விடும். தராசு இறங்கும், கொழுப்பு பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

பேணிக்குள் இருப்பவை இரகசியமானவை அல்ல. பெரும்பங்கு புரதம்: சீஸ் செய்யும்போது பிரியும் தெளிநீரில் இருந்து எடுக்கும் 'வே' புரதம், அல்லது சோயா, அல்லது பட்டாணி. ஒரு தடவைக்கு 15 முதல் 25 கிராம் வரை இருக்கும். கொழுப்புக்குச் சூரியகாந்தி எண்ணெய்த் தூள். விலை கூடியவற்றில் தேங்காய், செம்பனை விதை எண்ணெய்களில் இருந்து பிரித்தெடுத்த ஒருவகைக் கொழுப்பு. (தேங்காய் கூடாது என்று எங்களுக்கு வருடக்கணக்காகச் சொல்லிவிட்டு, அதிலிருந்து எடுத்ததையே இப்படித் திருப்பி அனுப்புகிறார்கள்.) நார்ப்பொருளுக்கு சிக்கரி வேரில் இருந்து வரும் இனுலின். தடிப்பாக இருக்க குவார், சாந்தன் என்னும் பசைகள். இனிப்புக்குச் சுக்ரலோஸ், ஸ்ரீவியா, எரித்ரிற்றோல். இவற்றோடு விற்றமின்களும் கனியுப்புகளும் சேர்ந்த ஒரு கலவை. உண்மையில் மிகப் பயனுள்ள பகுதி இந்தக் கடைசிக் கலவைதான். மிகக் குறைந்த சாப்பாட்டில் ஒருவரை மூன்று மாதம் வைத்திருக்கவேண்டுமென்றால் இரும்பும் துத்தநாகமும் பொற்றாசியமும் எங்கிருந்தாவது வரத்தானே வேண்டும். கஞ்சியை மட்டும் குடித்து அதைச் செய்ய முடியாது.

லேபிளில் ஏமாற இடமுள்ளது 'நெற் காப்' என்ற கணக்கில். மொத்த மாப்பொருளில் இருந்து நார்ப்பொருளையும் இனிப்பு அல்ககோல்களையும் கழித்துவிட்டு மீதியைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். இது வியாபாரிகள் உருவாக்கிய கணக்கு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம்கூட இதற்கு வரைவிலக்கணம் வைத்திருக்கவில்லை. கழிக்கப்படும் மோல்ரிற்றோல் போன்றவை சீனியை ஓரளவு ஏற்றவே செய்யும். இன்னொரு பெயர் மோல்ரோடெக்ஸ்ரின். இனிப்பில்லாததால் 'சீனி சேர்க்கப்படாதது' என்று எழுத அது தடையாக இருப்பதில்லை. ஆனால் இரத்தத்தில் குளுக்கோசாக மாற அதற்கு அதிக நேரம் எடுக்காது. பொருட்பட்டியலின் முதல் மூன்று பெயர்களுக்குள் அது இருந்தால் பேணியின் முகப்பில் என்ன எழுதியிருந்தாலும் நம்பவேண்டாம். பேணியில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரைத்ததா பாலில் கரைத்ததா என்றும் பாருங்கள். ஒரு குவளைப் பால் சேர்த்தாலே மாப்பொருள் 10 கிராம் கூடும்.

எங்கள் பக்கத்தில் பெரிய குழப்பம் லேபிளில் அல்ல, பழக்கத்தில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். கரைத்துக் குடிக்கும் மா எங்களுக்கு எப்போதும் உடம்பு தேறுவதற்கானது. கர்ப்பிணிகளுக்கு 1973 இல் இருந்து சோளமும் சோயாவும் சேர்ந்த திரிபோஷா, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு மோல்ற் பானம், வருத்தக்காரருக்குச் சத்துமா. மெலிவதைக் காசு கொடுத்து வாங்குவது இந்தச் சமூகத்துக்கு மிகப் புதிய விடயம். 2009 இல் முகாம்களுக்குள் வந்தவர்களின் தோற்றம் இன்னும் எங்கள் கண்களில் இருக்கிறது. ஆகவே பலரும் ஷேக்கைக் குடித்துவிட்டு, அரை மணித்தியாலம் கழித்து வழமையான சோற்றையும் சாப்பிடுகிறார்கள். சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கவேண்டியது சாப்பாட்டுக்கு மேலதிகமாகிவிடுகிறது. அப்படிக் குடித்தால் எடை ஏறும்.

இதைவிடப் பாரதூரமானது மருந்து. டிரெக்ட் ஆய்வில் இன்சுலின் ஊசி போடுபவர்களைச் சேர்க்கவில்லை. சேர்ந்தவர்களின் சலரோகக் குளிசைகளையும் பிரஷர் குளிசைகளையும் முதல் நாளே வைத்தியர்கள் நிறுத்தினார்கள். தேவைப்பட்டபோது திரும்பத் தொடங்கினார்கள். இங்கே நடப்பது அதற்கு எதிர்மாறு: கிளினிக் கொப்பியில் உள்ள குளிசை அப்படியே போகிறது, சாப்பாடு மட்டும் நின்றுவிடுகிறது. கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளும் இன்சுலினும் சாப்பாடு வந்ததா என்று பார்ப்பதில்லை, சீனியை இறக்கிக்கொண்டே போகும். வேர்வை, நடுக்கம், தடுமாற்றம், பிறகு மயக்கம். மெட்போமின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து குறைவு. எம்பாகிளிபுளோசின், டபாகிளிபுளோசின் என்னும் புதிய குளிசைகளை எடுப்பவர்கள் மாப்பொருளைத் திடீரென வெட்டினால், சீனி சாதாரணமாகக் காட்டும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறக்கூடும். குளுக்கோமீற்றர் அதைக் காட்டிக்கொடுக்காது. வாந்தியும் வயிற்றுநோவும் மூச்சிரைப்பும் வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் புரதத்தை அளந்து சாப்பிடவேண்டியவர்கள். அவர்களுக்கு இந்த மா வைத்தியரைக் கேட்காமல் கூடவே கூடாது.

போரில் காயப்பட்டவர்களைப் பற்றி இந்த விளம்பரங்கள் எதுவும் பேசுவதில்லை. இந்த மா உண்மையில் தேவைப்படக்கூடியவர்களில் அவர்களும் அடங்குவர். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவரின் உடல் முன்னரைவிடக் குறைந்த சக்தியையே செலவழிக்கிறது. 16, 17 வருடங்களாக அதே சோற்றைச் சாப்பிட்டால் எடை ஏறத்தான் செய்யும். அவரைத் தூக்கி இருத்தும் மனைவியின் அல்லது தாயின் முதுகும் சேர்ந்து போகிறது. அவர் எடை குறைக்க விரும்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் படுக்கைப் புண் இருக்கும் காலத்தில் சாப்பாட்டைப் பாதியாக வெட்டினால் புண் ஆறாது. ஆறுவதற்குப் புரதமும் வேண்டும், சக்தியும் வேண்டும். இனுலினும் எரித்ரிற்றோலும் பலருக்கு வாயுவையும் வயிற்றுப்போக்கையும் தருபவை. நடமாடுபவருக்கு அது இரண்டு நாள் அசௌகரியம். மலம் கழிக்கும் உணர்வில்லாமல், நேரம் வைத்துப் பழக்கி ஒரு ஒழுங்கைக் கட்டியெழுப்பியவருக்கு அது மாதக்கணக்கான உழைப்பின் சிதைவு. காலை இழந்தவர்கள் வேகமாக மெலிந்தால் எஞ்சிய காலின் பருமனும் மாறும், செயற்கைக் கால் ஆடத்தொடங்கும், உரசிப் புண்ணாகும். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடங்களுக்குப் போய் அளவைத் திரும்பச் சரிபார்க்கவேண்டியிருக்கும். தூரத்துக் கிராமத்தில் இருப்பவருக்கு இது ஒரு நாள் கூலியும் பஸ் காசும்.

விற்பனை முறையும் பார்க்கவேண்டியது. உள்ளூரில் இந்த மா பெரும்பாலும் கடையில் இல்லை, ஆட்களின் கையில் இருக்கிறது. வாங்குபவரே விற்பவராகலாம், அவருக்குக் கீழே இன்னும் சிலரைச் சேர்த்தால் பங்கு கிடைக்கும் என்பது ஏற்பாடு. வீட்டில் இருந்தே வருமானம் என்ற வாக்குறுதி, நுண்கடனில் சிக்கி எழும்ப முடியாமல் இருக்கும் பெண்களிடம் விரைவாகப் போய்ச் சேர்கிறது. அவர்கள் முதலில் பேணிகளை வாங்கி அடுக்கவேண்டும். அதற்கும் கடன். அவர்களைக் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. ஆனால் உங்கள் உடம்புக்கு ஆலோசனை சொல்பவரின் அன்றாட வருமானம் நீங்கள் இன்னொரு பேணி வாங்குவதில் தங்கியிருந்தால், நிறுத்துங்கள் என்று அவர் எப்படிச் சொல்வார்?

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். 400 கிராம் பால்மா ஆயிரம் ரூபாயைத் தாண்டிய வருடம் அது. விலைகள் அதன் பிறகு பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அந்தப் பின்னணியில், ஷேக்கில் உள்ள புரதத்தைச் சமையலறையிலும் தேடிப்பார்க்கலாம். இரண்டு முட்டையும் ஒரு சிறு கிண்ணம் பருப்பும் சேர்ந்தால் 20 கிராம் புரதம் வந்துவிடும். சோயாமீற், நெத்தலிக் கருவாடு, தயிர் எல்லாம் இதே வரிசைதான். சோற்றை அரைக் கோப்பையாக்கி, மீதி இடத்தில் மரக்கறியையும் கீரையையும் வைத்தால் மாப்பொருள் பாதியாகும். இது மூன்று மாதத்தில் 15 கிலோவைக் குறைக்காது. ஆறு மாதத்தில் சில கிலோவைக் குறைக்கும், மயங்கி விழச்செய்யாது. ஒடியல் கூழும் குரக்கன் களியும் சலரோகத்துக்கு மருந்து என்று சொல்பவர்களையும் அப்படியே நம்பவேண்டாம். அவற்றில் நார் இருக்கிறது, நல்ல சாப்பாடு, ஆனால் மாப்பொருளும் தாராளமாக இருக்கிறது.

இங்கிலாந்தின் திட்டத்தில் விலைமதிப்பானது பேணிக்கு வெளியே இருக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியைத் தொடர்ந்து பார்க்கிறார். மருந்தை யார் நிறுத்துவது என்பது தொடங்கும் முன்னரே முடிவாகிறது. ஷேக்கை விட்டுச் சோற்றுக்குத் திரும்புவதற்கென்றே தனியாகச் சில வாரங்கள் ஒதுக்கப்படுகின்றன. இவ்வளவு இருந்தும் டிரெக்ட் ஆய்வில் இரண்டாம் வருட முடிவில் 46 சதவீதம் 36 ஆக இறங்கிவிட்டது. எடை திரும்ப ஏறியவர்களிடம் சலரோகமும் திரும்பியது. இலங்கையில் வளர்ந்தோரில் ஐவரில் ஒருவருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக 2018-19 தேசிய ஆய்வொன்று கணக்கிட்டது. வடக்கிலும் கிழக்கிலும் கிளினிக்குக்குப் போனால் காலை 6 மணிக்கே வரிசை. ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ஆரம்ப வைத்தியசாலைகளில் தொற்றா நோய்களைப் பரிசோதிக்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் ஏற்கனவே இயங்குகின்றன. எடை பார்க்கவும் சீனி பார்க்கவும் அங்கே வசதி உண்டு. மாகாண சுகாதாரத் திணைக்களங்கள் அவற்றில் ஒரு தாதிக்கு, மெலிய முயல்பவர்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் பொறுப்பைக் கொடுத்தாலே, லண்டனில் நடப்பதில் பாதி இங்கே நடக்கும்.

அதுவரை, பொதியில் பேணி வந்துவிட்டதென்றால், அதைத் திறக்கும் முன் லேபிளைத் தொலைபேசியில் படம் எடுத்து, அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு சேர்த்து வைத்தியரிடம் காட்டுங்கள். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதைக் குடிக்கிற நாட்களில் எந்தக் குளிசையை எவ்வளவு குறைக்கவேண்டும்?