கொடைக்கானல் பைன் மரத்தை வெட்டினா மட்டும் போதுமா? மண்ணுக்கு அடியில் ஒரு கணக்கு பாக்கி இருக்கு!

கொடைக்கானல் போறவங்க பைன் காட்டில் ஒரு ரீல்ஸாவது எடுக்காமல் திரும்புவதில்லை. வரிசை பிடித்து நிற்கும் மரங்கள், காலுக்குக் கீழே மெத்தை மாதிரி சருகு, நடுவில் பனிமூட்டம். ஆனால் இந்தக் காடு பழனி மலையில் தானாக முளைத்தது இல்லை. 1906-ல் பிரையண்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி மரத் தேவைக்காகத் தொடங்கிய தோட்டம் என்கின்றன சுற்றுலாக் குறிப்புகள். பின்னால் பைன், சீகை, தைல மரம் என்று மலை முழுக்க நட்டார்கள். பல இடங்களில் அதற்கு முன் இருந்தது, குறிஞ்சி பூக்கும் புல்வெளி.

அதன் விலை என்ன? பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை வைத்து நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. 1973-க்கும் 2014-க்கும் இடையில் மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருக்கிறது. மரத்தோட்டமும் விவசாயமும்தான் முக்கியக் காரணம். புல்வெளி போனால் குறிஞ்சி மட்டும் போவதில்லை. மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைகளுக்குக் கொடுக்கும் நிலமும் போகிறது.

'அந்நிய மரங்களை வெட்டிடலாமே?' என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. தமிழ்நாடு அரசும் 2022-ல் ஊடுருவும் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் பைன் இந்த மலைக்குத் தனியாக வரவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

கூட வந்தது யார்?

பூஞ்சை. நாம் பார்க்கும் காளான் அதன் பழம் மாதிரிதான். உண்மையான உடம்பு, மண்ணுக்குள் வலை வலையாக ஓடும் இழைகள். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியவை. வேர் நுழைய முடியாத இடுக்கிலும் இவை நுழையும். பாஸ்பரஸ், நைட்ரஜன், தண்ணீரை உறிஞ்சி மரத்துக்குக் கொடுக்கும். மரம் பதிலுக்கு இலையில் தயாரித்த சர்க்கரையைக் கொடுக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு 'மைகோரைசா' என்று பெயர்.

இதில் இரண்டு பெரிய ரகம் உண்டு. புற்களும் வெப்பமண்டல மரங்களில் பெரும்பாலானவையும் கூட்டு வைத்திருக்கும் பூஞ்சை, வேரின் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழும். பைனுக்குத் தேவையான ரகம் வேற. அது வேர் நுனியைச் சுற்றி உறை மாதிரி போர்த்திக்கொள்ளும். அந்தப் பூஞ்சை இல்லாத மண்ணில் பைன் தேறாது. போர்ட்டோ ரிக்கோ தீவில் பல ஆண்டுகள் பைன் நட்டுத் தோற்றார்கள். 1955-ல் அமெரிக்காவின் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து போட்ட பிறகுதான் கன்று பிடித்தது!

நம்ம ஊரிலும் சாட்சி இருக்கிறது. நீலகிரியில் நட்ட மெக்சிகோ பைனின் வேர்களைச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1993-ல் கட்டுரைகள் வெளியிட்டார்கள். அந்த வேர்களில் இருந்தவற்றில் ஒன்று, கார்ட்டூன்களில் வரும் வெள்ளைப் புள்ளி வைத்த சிவப்புக் காளான், அமானிடா மஸ்காரியா. வட அரைக்கோளத்தின் குளிர்ந்த, மிதவெப்பக் காடுகளின் காளான் அது. விஷமும்கூட.

வெட்டினால் என்ன ஆகும்?

மரம் போகும். மண்ணில் அது ஏற்படுத்திய மாற்றம் உடனே போகாது. நியூசிலாந்தில் ஊடுருவிய பைனை அகற்றிய இடங்களை ஆராய்ந்து 2014-ல் ஒரு முடிவு வந்தது. பைன் விட்டுப்போன பூஞ்சையும் மாறிப்போன மண்சத்தும், பழைய தாவரங்களுக்குப் பதிலாக வேறொரு அந்நிய மரத்துக்கும் களைப்புல்லுக்கும்தான் உதவின. அதாவது, ஒருத்தரைக் காலி பண்ணி வைத்த வீட்டில் அவருடைய சொந்தக்காரர் குடியேறின கதை.

பழனி மலையில் இன்னொரு சிக்கல் சீகை மரம். அதன் விதை மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். மொத்தமாக வெட்டி வெயில் படவிட்டால் கூட்டமாக முளைத்துவிடும். அதே சமயம், வட்டக்கானல் பகுதியில் வயதான தோட்ட மரங்களின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தானாக வளர்வதையும் இயற்கை ஆர்வலர்கள் பல வருஷமாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள்.

'மேஜிக் மஷ்ரூம்' இதில் சேருமா?

சேராது. போதைக்காகத் தேடப்படும் சைலோசைபி காளான்கள் பைன் வேரோடு கூட்டு வைப்பவை இல்லை. சாணத்திலும் மட்கும் பொருளிலும் வளர்பவை. அவற்றில் உள்ள சைலோசைபின், 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. ஒரே மாதிரி தோன்றும் விஷக் காளான்களும் உண்டு. மலையில் பார்க்கும் காளானைப் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அப்போ என்னதான் செய்யணும்?

மூணு விஷயம். ஒன்று, மிச்சமிருக்கும் புல்வெளியை முதலில் காப்பாற்றணும். அதன் ஓரத்தில் புதிதாக முளைக்கும் பைன், சீகைக் கன்றுகளைச் சின்னதாக இருக்கும்போதே பிடுங்கிவிட்டால் செலவும் குறைவு, மண்ணும் கெடாது. இரண்டு, சோலைக் கன்று வரும் பழைய தோட்டத்தில் மெஷின் வைத்து மொத்தமாக வெட்டக் கூடாது, படிப்படியாகத்தான் கைவைக்கணும். மூன்று, வெட்டிய இடத்தில் புல் நடும்போது, நல்ல புல்வெளி மண்ணில் வளர்த்த நாற்றையே நடணும். அந்த மண்ணோடு அதற்கான பூஞ்சையும் சேர்ந்து வரும். பைனை வளர்க்க ஒரு காலத்தில் உலகம் பயன்படுத்திய அதே வழிதான்.

இத்தனை மரம் வெட்டினோம் என்று கணக்குக் காட்டுவது சுலபம். மண்ணுக்குள் எந்தப் பூஞ்சை திரும்பி வந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் உண்மையான கணக்கு. அடுத்த குறிஞ்சி 2030-ல் பூக்கணும். அதற்கு இடம் வேண்டுமென்றால் அந்த வேலையை இப்போதே தொடங்கணும்.