தங்கவயலின் மண்மேடு யாருக்கு?

2025-ம் ஆண்டில் 10 கிராம் தங்கம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. மாட்டுங்கா நகைக்கடைகளில் பெண்ணின் கல்யாணத்துக்கு அரை பவுன், ஒரு பவுன் என்று சேர்த்துவந்த சம்பளக்காரர்கள் விலையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று.

இதே விலையேற்றம் கோலார் தங்கவயலில் வேறொரு கேள்வியைக் கிளப்பியிருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழர்கள் வெட்டிக் கொட்டிய கழிவு மண்ணுக்கு இன்று சொந்தக்காரர் யார் என்பதே அந்தக் கேள்வி.

தங்கவயலில் உள்ள 13 கழிவு மண்மேடுகளை ஏலத்துக்கு விடும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக மந்திரிசபை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. மேடுகள் பரவியிருக்கும் நிலம் ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேல். குவிந்து கிடக்கும் மண் சுமார் 3 கோடியே 30 லட்சம் டன்.

ஊர்க்காரர்கள் இதைச் "சயனைடு மேடு" என்பார்கள். பாறையை இடித்து மாவாக்கி, சயனைடு கரைசலில் போட்டுத் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய சக்கை இது. பழைய முறையில் பிரிக்க முடியாமல் போன தங்கம் கொஞ்சம் இதில் தங்கியிருக்கிறது. டன்னுக்கு அரை கிராம் என்று வைத்துக்கொண்டாலும் 16 டன்னுக்கு மேல் வரும். 10 கிராம் ஒரு லட்சம் என்றால் அதன் மதிப்பு 16 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டும். பிரித்தெடுக்கும் செலவைக் கழித்தாலும் அற்பத் தொகை அல்ல.

மூன்று கிலோ மீட்டர் ஆழம்

இந்தப் பகுதியில் தங்கம் இருப்பதை 1802-ல் ஜான் வாரன் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி எழுதிவைத்தார். 1880-ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகே சுரங்கம் சூடு பிடித்தது. மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகாம், நந்திதுர்க்கம், பாலகாட் என்று சுரங்கங்கள் எழுந்தன. 1902-ல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரில் எடுத்த மின்சாரம் முதலில் போய்ச் சேர்ந்தது இந்தச் சுரங்கங்களுக்குத்தான்.

மின்சாரம் தொலைவிலிருந்து வந்தது போலவே ஆட்களும் வந்தார்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற ஆதிதிராவிடர்கள். ஊரில் பண்ணையாரிடம் கைகட்டி நின்றவனுக்கு இங்கே மாதச் சம்பளம் கிடைத்தது. ஆனால் குடியிருக்கத் தட்டிக் குடிசை. வேலை முடிந்து மேலே வந்தால் திருட்டுச் சோதனை.

சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோ மீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். பாறை அழுத்தம் தாங்காமல் திடீரென வெடித்துச் சிதறுவதை "ஏர் பிளாஸ்ட்" என்பார்கள். அதில் செத்தவர் உண்டு. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து, வேலையை விட்ட பிறகு இருமி இருமிச் செத்தவர் அதைவிட அதிகம்.

மும்பை கொலாபாவில் உள்ள டாட்டா ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் 1965-ல் நியூட்ரினோ என்ற நுண்துகளை வெளிநாட்டு விஞ்ஞானிகளோடு சேர்ந்து கண்டறிந்ததும் இந்தச் சுரங்கத்தின் அடியில்தான். அந்த ஆழத்துக்கு வழி வெட்டிக் கொடுத்தது தொழிலாளியின் கை.

அவர்கள் வாய்மூடிக் கிடந்தவர்களும் அல்ல. பெயர்ப் பதிவுக்குக் கைரேகை கேட்டபோது, தங்களைக் குற்றப் பரம்பரை போல நடத்துவதா என்று 1930-ல் மூன்று வாரம் போல வேலைநிறுத்தம் செய்தார்கள். அயோத்திதாச பண்டிதரின் 'தமிழன்' பத்திரிகையை வாங்கிப் படித்துத் தாங்கி நின்ற ஊர் தங்கவயல். பிற்பாடு அப்பாத்துரையாரை ஆசிரியராகக் கொண்டு அது தங்கவயலிலிருந்தே வெளிவந்தது.

நஷ்டம் வந்தது எப்படி?

1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றுக்கொண்டது. 1962-ல் அவை மத்திய அரசின் கைக்கு மாறின. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற கம்பெனி உருவாயிற்று. அதன் பிறகு "நஷ்டம், நஷ்டம்" என்ற பேச்சு ஓயவே இல்லை.

நஷ்டத்துக்கு உண்மையான காரணங்கள் இருந்தன. ஆரம்ப காலத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம் கடைசியில் 3 கிராம் அளவுக்குக் குறைந்துவிட்டது. ஆழம் போகப் போகச் செலவு ஏறியது.

ஆனால் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. சர்வதேச நிதி நிறுவனத்தின் விலை அவுன்சுக்கு 35 டாலராக இருந்த காலத்தில், தங்கவயலின் தங்கம் அரசுக்கு அந்த விலைக்கே போயிற்று. அதே நாளில் மும்பை ஜவேரி பஜாரில் தங்கம் விற்ற விலை அதைவிட வெகு அதிகம். அன்னியச் செலாவணிக்கு நாடு திண்டாடிய நேரத்தில் குறைந்த விலைக்குத் தங்கம் கொடுத்த சுரங்கத்தை, நஷ்டக் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அப்போது 10 கிராம் தங்கத்தின் விலை ஐயாயிரம் ரூபாய்க்கும் கீழே. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன் தங்கத்தை மண்ணிலிருந்து எடுத்த ஊரில், மிச்சமிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஈட்டுத்தொகையோடு வெளியே வந்தார்கள். சுரங்கத்தைத் தாங்களே கூட்டுறவு முறையில் நடத்துவதாகத் தொழிலாளர் தரப்பில் முன்வந்தும் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு உலக அளவில் டெண்டர் விட வழி திறந்தது.

இன்று மாரிகுப்பத்திலிருந்து விடியுமுன் கிளம்பும் ரெயிலில் தங்கவயல் பிள்ளைகள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் காவல் வேலைக்கும் போய், இருட்டிய பின் வீடு திரும்புகிறார்கள்.

பரேலில் நடந்தது

மும்பைத் தமிழருக்கு இது புதுக்கதை அல்ல. 1982 ஜனவரியில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்கு, ஒரு பங்கு மகாடாவுக்கு, ஒரு பங்கு முதலாளிக்கு என்று 1991-ல் விதி செய்தார்கள். தங்கவயல் மூடப்பட்ட அதே 2001-ல் அந்த விதி திருத்தப்பட்டது. காலி நிலத்தில் மட்டும் பங்கு, கட்டடம் நின்ற நிலத்தில் இல்லை என்று ஆயிற்று. 2006-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றது. தொழிலாளர் வீட்டுக்கு ஒதுங்க வேண்டிய நிலம் ஒரே திருத்தத்தில் சுருங்கியது. இன்று அந்த நிலங்களில் நிற்கும் வானளாவிய கட்டடங்களைத் தாராவியில் இருப்பவர்களுக்குக் காட்டித்தரத் தேவையில்லை. அவர்கள் நிலத்துக்கும் இப்போது திட்டம் வந்திருக்கிறது.

தங்கவயலில் இன்னும் நேரம் இருக்கிறது. மண்மேட்டு வேலை பழைய சுரங்க வேலை அல்ல. பெரும்பகுதி இயந்திரம் செய்துவிடும். ஆயிரக்கணக்கில் வேலை கிடைக்கும் என்று எவராவது மேடையில் சொன்னால் நம்பாமலிருப்பது நல்லது. கிடைக்கும் கொஞ்ச வேலையில் பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கு முதலிடம் என்பது ஏல நிபந்தனையிலேயே எழுதப்பட வேண்டும். வாயால் சொன்னால் போதாது. லைன் வீடுகளில் தலைமுறையாகக் குடியிருப்போரின் உரிமையும் அப்படியே.

இன்னொன்றும் உண்டு. காற்றடிக்கும் மாதங்களில் இந்த மேடுகளின் வெள்ளைத் தூசி இப்போதே வீடுகளுக்குள் வந்து விழுகிறது. மேட்டை வெட்டத் தொடங்கினால் அது பல மடங்காகும். தண்ணீர் தெளிப்பதும் மருத்துவச் சோதனையும் யார் செலவு என்பது, முதல் லாரி மண் ஏற்றுவதற்கு முன்பே முடிவாக வேண்டிய விஷயம்.