கைதானவருக்குப் புரியும் மொழியில்

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில் 20 தமிழகக் கூலித் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை, தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அவர்கள். ‘செம்மரக் கடத்தல்காரர்கள்’ என்று ஆந்திர அதிகாரிகள் அறிவித்தார்கள். பத்திரிகைகளும் அப்படியே எழுதின. கேட்டவுடன் எவருக்கும் புரிகிற சொல்தான். ஆனால் நாட்கூலிக்குக் கோடரி பிடிப்பவனையும், மரத்தைக் கப்பலேற்றிக் கோடிகள் குவிப்பவனையும் அது ஒரே பெயருக்குள் அடைத்துவிடுகிறது. கொல்லப்பட்ட இருபது பேரில் ஒருவரும் கப்பலேற்றியவர் அல்லர்.

எளிய சொல் செய்த அநீதி இது. துல்லியமான சொல் செய்யும் அநீதி வேறு வகையானது. அது நீதிமன்ற வாசலில் நடக்கிறது. செம்மர வழக்குகளில் 1967ஆம் ஆண்டின் ஆந்திர வனச் சட்டம் பாய்கிறது; 2016இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கிவிட்டது. அதற்கு மேல், விசாரணையே இல்லாமல் சிறையில் அடைக்க 1986ஆம் ஆண்டின் தடுப்புக்காவல் சட்டமும் கையில் இருக்கிறது. பிரிவு, உட்பிரிவு, நாள், இடம் எல்லாம் பிசகின்றிக் குறிக்கப்பட்ட தாள்கள் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ தயாராகின்றன. ஜவ்வாது மலையிலிருந்து வந்த மலையாளிப் பழங்குடி இளைஞனுக்கு அந்தத் துல்லியத்தால் என்ன பயன்?

இந்தக் கேள்விக்கு உச்சநீதிமன்றம் 1962லேயே விடை சொல்லிவிட்டது. நாக்பூரில் தடுப்புக்காவலில் வைக்கப்பட்ட ஹரிகிசனுக்குக் காரணங்கள் ஆங்கிலத்தில் தரப்பட்டன. தமக்கு ஆங்கிலம் தெரியாது, இந்தியில் வேண்டும் என்று அவர் கேட்டார். காவல் அதிகாரி வாய்மொழியாக விளக்கிவிட்டார், அதுவே போதும் என்றது அரசு. போதாது என்று கூறி நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசியல் சட்டத்தின் 22(5)ஆம் பிரிவு காரணங்களைத் தெரிவிக்கச் சொல்வது, அவற்றுக்கு எதிராக அவர் முறையிட வேண்டும் என்பதற்காகத்தான். விளங்காத காரணத்துக்கு எதிராக எப்படி முறையிடுவது? 2025 நவம்பரில் அதே நீதிமன்றம் இன்னும் ஒருபடி சென்று, எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணம் எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தரப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உடனே தர இயலாதபோது, காவலில் வைக்கக் கோரி நீதிபதி முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது அந்தத் தாள் அவர் கையில் இருக்க வேண்டும்.

தமிழில் தந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. எந்தத் தமிழில் என்பது அடுத்த கேள்வி. ‘பிணை’ அழகான சொல். ஆனால் சிறை வாசலில் நிற்கும் தாய்க்குத் தெரிந்த சொல் ‘ஜாமீன்’. ‘ஒத்திவைக்கப்பட்ட விசாரணை நாள்’ என்பதைவிட ‘வாய்தா’ அவளுக்கு நன்றாக விளங்கும். அகராதித் தமிழைப் பிடித்துக்கொண்டு இந்தச் சொற்களைத் தள்ளுவது, தெலுங்குத் தாளுக்குப் பதில் இன்னொரு புரியாத தாளைக் கொடுப்பதே ஆகும். (இடதுசாரித் துண்டறிக்கைகளுக்கும் இது பொருந்தும்.)

ஆனால் எளிமைக்கும் ஓர் எல்லை உண்டு. ‘ஜாமீனில் விடுதலை’ என்று செய்தித்தாள்கள் வழக்கமாக எழுதுகின்றன. விடுதலை என்ற சொல்லைக் கேட்ட குடும்பம் வழக்கே முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ள இடமிருக்கிறது. வாய்தாவுக்குப் போகாவிட்டால் பிடிவாரண்ட் வரும்; மறுபடி சிறை. ‘ஜாமீன் கிடைத்தது, வழக்கு இருக்கிறது, இன்ன தேதியில் இன்ன ஊர் நீதிமன்றத்துக்கு வரவேண்டும்’ என்று எழுதினால் வரி கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். அதுபோலவே, ‘மரம் கடத்தினாய்’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடும் தமிழ்த் தாளும் உதவாது. எந்த நாள், எந்த இடம், கையில் என்ன இருந்தது என்பதெல்லாம் அதில் இருந்தால்தான் ‘அன்று நான் அங்கே இல்லை’ என்று அந்த மனிதன் சொல்ல முடியும்.

மொழிபெயர்க்க ஆளில்லை என்ற சாக்கு சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் எடுபடாது. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் எங்கும் தமிழ் பேசும் மக்கள் வாழ்கிறார்கள். இரு மொழியும் அறிந்த வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் அங்கே இருக்கிறார்கள். திருமலைக்கு வரும் பக்தருக்குத் தமிழில் அறிவிப்புப் பலகை உண்டு. தேவஸ்தானத்தின் ‘சப்தகிரி’ மாத இதழும் தமிழில் வருகிறது. உண்டியலுக்கு வருகிறவரிடம் தமிழில் பேசத் தெரிந்த ஊருக்கு, விலங்கு மாட்டப்பட்டவரிடம் தமிழில் பேசுவதில் என்ன தடை?

ஆந்திர, தமிழ்நாடு மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் இரண்டும் கூடி, கைதுக் காரணம், ஜாமீன் நிபந்தனை, தடுப்புக்காவல் முறையீடு ஆகியவற்றுக்கான தமிழ்ப் படிவங்களை உடனே தயாரிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு அவற்றை வாசித்துக் காட்டத் தமிழறிந்த சட்டத் தன்னார்வலர்களைத் திருப்பதி, சித்தூர் நீதிமன்றங்களில் அமர்த்த வேண்டும். அச்சடிப்பதற்கு முன் அந்தப் படிவங்களை ஜவ்வாது மலைக் கிராமம் ஒன்றில் படித்துக் காட்டி, கேட்டவர்களுக்கு என்ன விளங்கியது என்று அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும்.