பிளேட்லெட் குறைஞ்சா சிசேரியன்தானா?

ஏழாம் மாசம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் 90,000 என்று வந்தால் போதும், வீடே கலங்கிப்போகிறது. 'டெங்குவா இருக்குமோ?' என்கிறார் ஒருவர். கர்ப்பிணியின் கண்ணில் பப்பாளிப் பழத்தையே காட்டாத மாமியார், பப்பாளி இலைச் சாறு பிழியக் கிளம்பிவிடுகிறார்! தயவுசெய்து கொடுக்காதீர்கள். இதற்கு அது மருந்தே இல்லை.

அந்த எண் சரிதானா என்று முதலில் பாருங்கள். சிலருடைய ரத்தத்தில், சோதனைக் குழாய்க்குள்ளேயே தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷின் குறைத்து எண்ணிவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். நிஜமாகவே குறைந்திருந்தாலும், கடைசி மாதங்களில் லேசாகக் குறைவது சகஜம்தான். பிரசவத்துக்குப் பிறகு தானே சரியாகும். கூடவே பி.பி.யும் ஏறியிருந்தால் மட்டும் விஷயமே வேறு. அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

கர்ப்பத்துக்கு முன்பே, அல்லது முதல் மூன்று மாதங்களிலேயே குறைவு என்றால் 'ஐ.டி.பி.'யாக இருக்கலாம். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தட்டணுக்களை எதிரி என்று நினைத்து அழிக்கிற கோளாறு இது. எண்ணிக்கை 30,000-க்கு மேல் இருந்து, ரத்தக் கசிவும் இல்லையென்றால், பெரும்பாலும் கவனித்து வந்தாலே போதும். அதற்குக் கீழே போனால் ப்ரெட்னிசோலோன் மாத்திரை, இம்யூனோகுளோபுலின் என்று வழிகள் இருக்கின்றன. பிரசவ சமயத்தில் 50,000 இருந்தால் நல்லது. முதுகில் மரப்பு ஊசி போட 70,000 எதிர்பார்ப்பார்கள். ஆஸ்பிரின், புரூஃபென் பக்கம் மட்டும் போகவே கூடாது.

'குழந்தை தலையில ரத்தம் கசிஞ்சிடும், சிசேரியன் பண்ணிடலாம்' என்ற பேச்சோடுதான் எனக்குச் சண்டை. ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் தலைக்குள் கசிவு என்பது நூற்றுக்கு ஒரு குழந்தைக்கு வந்தாலே அதிகம். சிசேரியன் அதைக் குறைப்பதாக நிரூபணம் ஆகவில்லை. தட்டணு குறைந்த அம்மாவுக்கு வயிற்றைக் கிழிப்பதுதான் கூடுதல் ரத்தப்போக்கு. வேறு காரணம் இருந்தால் செய்யட்டும். இதற்காக மட்டும் வேண்டாம். வாக்யூம், ஆயுதம் போட்டு இழுப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

உண்மையில் கவனம் தேவைப்படுவது பிரசவத்துக்குப் பிறகுதான். தாயின் எதிரணுக்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போயிருக்கும். நூற்றில் சுமார் பத்துக் குழந்தைகளுக்குத் தட்டணு ரொம்பவே குறையலாம். அதுவும் பிறந்த அன்றைக்கு அல்ல, இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் அடிமட்டத்துக்கு இறங்கும். ஆகவே குழந்தை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தொப்புள்கொடி ரத்தத்தில் எண்ணிப் பார்க்கும்வரை தசையில் ஊசி போட வேண்டாம். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். மூன்றாம் நாளே நல்ல நேரம் பார்த்து டிஸ்சார்ஜ் கேட்டு நச்சரிக்காதீங்க.