நிழல் பொய் சொல்லாது

திருவண்ணாமலை உச்சியில் ஆண்டுதோறும் விளக்கேற்றும் கார்த்திகை நாள், நிறைநிலவு அறுமீனைச் சேரும் காலத்தது. அந்நாளில் தமிழர் விளக்கிட்டமையை அகநானூறும் காட்டுகின்றது. விண்ணைக் கண்டு நாள் குறித்த இனம், இன்று அச்சடித்த தாளைக் கண்டு நாள் குறிக்கின்றது. அத்தாள் விண்ணோடு ஒக்கின்றதா என வினவுவார் இலர்!

சுறவம் (தை) முதல் நாளன்று கதிரவன் வடக்கே திரும்புவதாகப் 'பஞ்சாங்கம்' பறைசாற்றுகின்றது. உண்மை யாது? 100 விரல் உயரக் கோலொன்றைத் திருவண்ணாமலையில் நிமிர நட்டு, நண்பகல் நிழலை அளந்து பாருங்கள். திசம்பர் 22 அளவில் நிழல் ஏறத்தாழ 72 விரல் நீளும். ஆண்டின் மிக நீண்ட நண்பகல் நிழல் அதுவே. சனவரி 14இல் அது 66 விரலாகக் குறுகிவிடும். கதிரவன் திரும்பி மூன்று கிழமைகள் கடந்த பின்னர், 'இன்றுதான் திரும்புகின்றான்' என்பது எத்துணைப் பெரும்பொய்!

இப்பிழை எங்ஙனம் நேர்ந்தது? சுழலும் பம்பரத்தின் தலை மெல்ல வட்டமிடுதல் போல, நிலவுலகின் அச்சும் ஏறத்தாழ 26,000 ஆண்டுக்கு ஒருமுறை வட்டமிடுகின்றது. அதனால், பகலும் இரவும் ஒத்த நாளில் கதிரவன் நிற்குமிடம், விண்மீன்களிடையே 72 ஆண்டுக்கு ஒரு பாகையாக மேற்கே நகர்கின்றது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகட்கு முன் சுறவ முதல் நாளும் கதிரவன் திரும்பும் நாளும் ஒன்றாயிருந்தன. இன்று இடைவெளி 24 பாகை. வான் நகர்ந்தது; ஏடு நகரவில்லை!

"எம் கணக்கு விண்மீனை ஒட்டியது" என்பர் சிலர். அறுமீன் நாளுக்கு அஃது ஒக்கும். கதிரவன் திரும்புதலோ விண்மீன் கணக்கன்று, நிழற் கணக்கு. மேகநாத சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இலேயே இவ்வழுவைச் சுட்டியது. கேட்டவர் எத்துணைப் பேர்?

தமிழர் கணிக்க அறியாதவரா? 1825இல் புதுச்சேரித் தமிழ்க் கணியர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, நெஞ்சில் நிறுத்திய வாய்பாடுகளைக் கொண்டே நிலவு மறைப்பைக் கணித்ததைச் சான் வாரன் எழுதிவைத்தார். மறைப்பின் தொடக்கம் நான்கு மணித்துளியே பிழைத்தது. முடிவோ 52 மணித்துளி பிழைத்தது. கணியரின் திறம் வியத்தற்குரியது. ஆயினும், விண்ணோடு ஒப்பிட்டுத் திருத்தப்படாத வாய்பாடு எத்துணை வல்லாரையும் கைவிடும்.

பொங்கலை மாற்றுக என்கிலேம். உழவர் திருநாளுக்குப் பொய்ப்பூச்சு எதற்கு என்றே வினவுகின்றோம். ஆசிரியப் பெருமக்களே! பள்ளிதோறும் ஒரு கோல் நடுங்கள். அன்றன்றைய மிகக் குறுகிய நிழலை மாணவர் அளந்து, தமிழில் எழுதிவைக்கட்டும். தாளை நம்பும் தலைமுறை போதும். அளந்தறியும் தலைமுறை எழுக!