ஈன்ற பூனையும் எட்டு வாரக் கடனும்

தாய்மையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் உருகுகின்றோம். மேடையில் முழங்குகின்றோம், மலர்களில் எழுதுகின்றோம். ஆனால், அதே தாய்மை மூன்று நான்கு குட்டிகளோடு நம் வீட்டுப் பரணில் வந்து படுத்துக்கொண்டால், உடனே கோணிப்பையைத் தேடுகின்றோம். இம்முரண்பாட்டைக் குறித்துச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

பிறரைக் குறை கூறுமுன் நம் குற்றத்தை ஒப்புக்கொள்வதே முறை. சில ஆண்டுகளுக்கு முன் நம் இல்லத்துப் பரணில் பூனையொன்று மூன்று குட்டிகளை ஈன்றது. நான்காம் நாள் அவற்றைப் பையிலிட்டு மீன் அங்காடியருகே விட்டு வந்தோம். அங்கே உணவுக்குக் குறைவிராது என நமக்கு நாமே ஆறுதல் கூறிக்கொண்டோம். கண் திறவாத குட்டிக்கு மீன் அங்காடி எவ்வுணவைத் தரும்? மூன்று இரவுகள் அத்தாய்ப்பூனை அறை அறையாகப் புகுந்து, பானைகளின் பின்னும் பாய்ச்சுருளின் உள்ளும் தேடிக் கதறியது. நம் தாயார் தட்டில் இட்ட சோற்றை அப்படியே விட்டு எழுந்தார்கள். அக்கதறலே இக்கட்டுரையை எழுதுவிக்கின்றது.

தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்களை வகுக்கும்போது, வெருகின் இளமைக்குக் குட்டி என்றும் பறழ் என்றும் பெயர் கூறினார். உயிர்களின் இளமையை அத்துணைக் கூர்ந்து நோக்கிய மொழி நம் மொழி. பயணமொன்றில் தோழர்கள் சிலர் சிறு பறவையொன்றின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அது கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் தாயிடமே சேர்க்கப் பணித்தார்கள் என்னும் செய்தி அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. பறவைக்கு உரிய நீதி பூனைக்கு இல்லையா?

இரக்கம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும். பிறந்த பூனைக்குட்டியின் எடை ஏறத்தாழ 100 கிராமே. கண்கள் திறக்க 7 முதல் 14 நாள்கள் ஆகும். உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் முதல் சில வாரங்களில் அதற்கு இல்லை. தாய் நக்கித் தூண்டினாலன்றிச் சிறுநீர் கழிக்கவும் இயலாது. முதல் நாள் சீம்பாலே அதற்கு நோய் எதிர்க்கும் ஆற்றலை ஊட்டுகின்றது. ஆதலின், குட்டியைத் தாயினின்று பிரிப்பது இடமாற்றம் அன்று, பெரும்பாலும் கொலையே.

அங்ஙனமாயின், நாம் செய்ய வேண்டுவது யாது? அரிய செயல் எதுவுமில்லை. ஆள் நடமாட்டமற்ற மூலையில் ஓர் அட்டைப்பெட்டி, அதனுள் பழைய பருத்தித் துணி, நனைந்தால் மாற்றுதல். பாலூட்டும் தாய்க்கு வழக்கத்தினும் இரு மடங்கிற்கு மேல் உணவு தேவைப்படும். முள் நீக்கிய வேகவைத்த மீன், முட்டை, தூய நீர் ஆகியன எப்போதும் அருகில் இருத்தல் நலம். வெங்காயமும் பூண்டும் கலந்த குழம்பு ஆகாது. இரக்கத்தால் குட்டிக்குப் பசும்பால் புகட்டுவோர் வயிற்றுப்போக்கையே ஊட்டுகின்றனர். நோயென்று பாரசிட்டமால் கொடுப்பது பூனையைக் கொல்லும். கால்நடை மருத்துவரையே நாட வேண்டும். சிறுவர்கள் ஓயாது எடுத்துப் பார்த்தால், தாய் குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறிடம் போகும்.

வீட்டின் தூய்மையும் மக்கள் நலமும் கெடாவா என மூத்தோர் வினவுவர். நேரிய வினாவே. கருவுற்ற பெண்டிர் பூனையின் கழிவைத் தொடலாகாது. பிறர் நாள்தோறும் மணல் தட்டை அகற்றிக் கைகழுவ வேண்டும். கடியோ கீறலோ பட்டால் 15 நிமிடம் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, மருத்துவமனைக்கு விரைதல் கடமை. இவை அஞ்சி விரட்டுவதற்குக் காரணங்கள் அல்ல. அறிந்து நடப்பதற்குரிய நெறிகள்.

நான்காம் வாரம் முதல் குட்டிகள் மெல்ல உணவுண்ணப் பழகும். எட்டு வாரம் நிறைந்தபின் விரும்புவோர் இல்லங்களுக்கு அவற்றை அளிக்கலாம். பாலூட்டும் காலத்திலேயே பூனை மீண்டும் கருவுறக் கூடும். ஆதலால், மருத்துவரைக் கலந்து உரிய காலத்தில் கருத்தடை செய்வித்தலும் நம் பொறுப்பே. இல்லையேல், அடுத்த ஆண்டும் கோணிப்பை கேட்கும்.

அன்பு மாணவர்களே! ஆயுள் முழுதும் பூனை வளர்க்குமாறு நாம் வேண்டவில்லை. எட்டு வாரங்களே கேட்கின்றோம். அடுத்த முறை நும் வீட்டில் எவரேனும் கோணிப்பையை எடுத்தால், அதனை வாங்கி விரித்து, அட்டைப்பெட்டியின் அடியில் இடுங்கள். நாம் செய்யத் தவறியதை நீங்களேனும் செய்யுங்கள்.